கணபதி கூடை போட்ட மாதம்

கூடைக் கயிற்றை உச்சந்தலையில் ஒழுங்காகப் பொருத்திக்கொள்வதற்கே கணபதிக்குக் கால் மணி நேரம் ஆகும். முதலில் பழைய துவாய் ஒன்றை நாலாக மடித்துத் தலையில் வைப்பார். அதன் மேல் கயிறு. கயிறு நெற்றிக்கு வழுக்கி வரும். பின்னால் இழுத்துவிட்டால் கூடை தொங்கித் தொடையில் இடிக்கும். காக்கிக் களிசானுக்கு மேலே, தேயிலைக் கொழுந்து பறிக்கிற பெண்கள் இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற அதே படங்குச் சாக்கு. இந்தக் கோலத்தில் பங்களாவின் பின்புறப் பாதையில் இருபது அடி மேலே போவார், இருபது அடி கீழே வருவார். கூடையில் ஒரு கொழுந்தும் இருக்காது. பாதையோரத்துக் கொய்யா மரத்தில் சங்கிலியில் கட்டியிருக்கும் கறுப்பு நாய் ஒவ்வொரு முறையும் எழுந்து நிற்கும்.

"மாமா, இன்னிக்கு எத்தன கிலோ?" என்று மேல்மலையிலிருந்து ஒரு பெண் குரல் கேட்கும். நாலைந்து பேர் சிரிப்பார்கள்.

"நெறுவைக்கு வந்து பாரு, தெரியும்" என்பார் கணபதி, திரும்பிப் பார்க்காமல். திரும்பினால் கயிறு வழுக்கும்.

நமுனுகுல மலையின் அடியில், பசறை பஸ் திரும்புகிற இடத்திலிருந்து இரண்டு மைல் கட்டை தூரம் ஏறினால் வரும் தோட்டம் அது. கணபதிக்கு வயது ஐம்பத்தொன்பது. கொழுந்து பறிப்பது அவர் வேலையே இல்லை. முப்பத்தொரு வருடமாக அவர் பங்களாத் தோட்டக்காரர். பூஞ்செடி வெட்டுவது, புல் செதுக்குவது, நாய் பார்ப்பது. தோட்டத்தை நடத்தும் துரைமார் ஐந்து பேரையும் ஏழு நாய்களையும் கண்டவர். துரைமாரின் பெயர்களில் ஒன்றிரண்டு மறந்துவிட்டது. நாய்களின் பெயர்களை வரிசை மாறாமல் சொல்வார். எதற்குக் காதில் புண் வந்தது, எது பலாக்கொட்டை தின்னும், எது படத்துக்குப் போஸ் கொடுக்கும் என்பதெல்லாம் கேட்காமலே வரும்.

அவருக்குத் தெரிந்த ஆங்கிலச் சொற்கள் மொத்தம் பதினொன்று. பதினொன்றும் நாய்க்குச் சொல்கிறவை. சிட், ஸ்டே, கம், நோ என்று போகும் பட்டியல். துரை விருந்தாளிகளோடு ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருக்கையில் இவற்றில் ஒன்று காதில் விழுந்தால், கையில் பூவாளியோடு கணபதி ஒரு கணம் நின்றுவிடுவார். வீட்டில் மனைவி தனலெட்சுமி தேத்தண்ணியில் இரண்டாவது கரண்டி சீனி போட வந்தாலும் அதே "நோ" தான். "நான் என்ன நாயா?" என்று அவர் ஒருமுறை கேட்டார். "நாய்ன்னா ஒரு தடவ சொன்னா கேக்கும்" என்று பதில் சொல்லிவிட்டு, கணபதி மூன்று நாள் சீனியே இல்லாமல் தேத்தண்ணி குடித்தார்.

ஏழாவது நாய்தான் கொய்யா மரத்தடியில் நிற்பது. ரொட்வைலர் சாதி. கண்களுக்கு மேலே தேன் நிறத்தில் இரண்டு பொட்டு, ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு போகிற அளவுக்குத் தாடை. பங்களாவில் வைத்த பெயர் டியூக். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் அது டூக்கு ஆனது. யாரும் பக்கத்தில் இல்லாதபோது கணபதி அதைச் "சாமி" என்று கூப்பிடுவார். தேத்தண்ணியில் நனைத்த பாண் ரொட்டி என்றால் அதற்கு உயிர். அதன் தட்டில் சமையல்கட்டுக் கோழிகள் வந்து கொத்தினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு காத்திருக்கும். இடி இடித்தால் அத்தனை பெரிய உடம்பையும் சுருட்டிக்கொண்டு கணபதியின் முழங்காலுக்கு அடியில் தலையை நுழைத்துவிடும்.

கூடையைக் கண்டால் மட்டும் அது வேறு நாய். தலையில் கயிறு, முதுகில் கூடை, இடுப்பில் படங்கு என்று ஓர் உருவம் தூரத்து வளைவில் தெரிந்தாலே போதும், முதுகு மயிர் எழுந்து நிற்கும். அதே பெண் கூடையைக் கழற்றிவிட்டு வந்தால் வாலாட்டும். தனலெட்சுமி புருஷனுக்குச் சோறு கொண்டுவரும்போது கூடையை வளைவிலேயே ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டு வருவது வழக்கம். ஏன் என்று அவர் கேட்டதில்லை. லயத்தில் எல்லோருக்கும் தெரிந்த பதில்தான்: அது சாதி நாய், அப்படித்தான் இருக்கும்.

பசறையில் கோழிக் கடை வைத்திருக்கும் ஸாஹிருக்கு இந்த விஷயத்தில் சந்தேகமே கிடையாது. வாரம் இரண்டு முறை டூக்குக்காகக் கோழிக் கழுத்தும் ஈரலும் கட்டிக் கொடுக்கிறவர் அவர். கணபதி அவரை நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுவார். "இதெல்லாம் வளக்குறதுல வாறதில்ல கணபதி. அதுட ரத்தத்துல ஈக்கிற கொணம். காவலுக்குண்டே செஞ்ச சாதி. நீ பால ஊத்தி வளத்தாலும் கடிக்கத்தான் செய்யும்" என்பார்.

"ஆமா நானா, ரத்தந்தான்" என்பார் கணபதி, அவர் முடிப்பதற்கு முன்பே. ஒருவர் இத்தனை அவசரமாக ஒத்துக்கொண்டால் எதிரில் இருப்பவர் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஸாஹிர் யோசிக்கவில்லை. கடையில் ஆள் நின்றது.

ஜூன் மாதம் முதல் கிழமையில் ஒரு நாள், கொழுந்து நிறுக்கிற பதினொரு மணி நிறுவைக்கு நேரமாகிவிட்டது என்று சுபாஜினி பங்களாவின் பின்புறக் குறுக்குப் பாதையில் இறங்கினார். இருபத்தேழு வயது, மலையில் வேகமான கை. நிறைந்த கூடையோடு ஓட்டமும் நடையுமாக வந்தவரைக் கண்டு டூக்கு எகிறியது. சங்கிலியின் கொக்கி துருப்பிடித்து வாய் பிளந்திருந்தது, கழன்றுகொண்டது. கணபதி புல் செதுக்கியை எறிந்துவிட்டு "நோ! நோ!" என்று கத்திக்கொண்டு ஓடி வருவதற்குள் இடது கெண்டைக்கால் சதை பிய்ந்துவிட்டது. குரல் கேட்டதும் டூக்கு விட்டுவிட்டது. விட்டதோடு நிற்கவில்லை. கிழிந்த படங்குத் துண்டை வாயில் கவ்விக்கொண்டு கணபதியின் முன்னால் வந்து உட்கார்ந்து, வாலை ஆட்டிக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தது.

அங்கே ஓடி வந்த எல்லோரும் சுபாஜினியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாய் ஏன் அப்படி வந்து உட்கார்ந்தது என்பது கணபதிக்கு மட்டும் தெரிந்தது. அது ஈரல் கேட்டது.

ஐந்து வருடத்துக்கு முன் டூக்கு கையடக்கக் குட்டியாக வந்து சேர்ந்தது. அப்போதிருந்த துரைக்குப் பெண்கள் பங்களாவின் பின்பக்கமாக விறகோடும் கூடையோடும் குறுக்கே போவது பிடிக்காது. "குட்டிக்கு இப்பவே பழக்கு" என்றார். எப்படிப் பழக்க வேண்டும் என்பதையும் அவரே சொன்னார். கொய்யா மரத்தில் ஒரு கூடையையும் படங்கையும் ஆள் மாதிரி கட்டித் தொங்கவிட வேண்டும். குட்டியை அவிழ்த்துவிட்டு "கெட்!" என்று சொல்ல வேண்டும். அது பாய்ந்து கிழித்தால் ஈரல். சும்மா நின்றால் பட்டினி. கணபதி மூன்று மாதம் இதைச் செய்தார். முதல் இரண்டு வாரம் குட்டி கூடைக்குள் ஏறிப் படுத்துத் தூங்கியது. அதைத் தூக்கி வெளியே போட்டுப் போட்டுப் பழக்கினார். கெட்டிக்காரத்தனமாகப் பழக்கினார் என்று துரை அவர் முதுகில் தட்டினார். தட்டிய இடம் அன்று முழுவதும் பெருமையில் குளிர்ந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சுபாஜினிக்குப் பதுளை ஆஸ்பத்திரியில் பதினான்கு தையல். மறுநாள் பெரட்டில், அதாவது காலையில் ஆட்களை வேலைக்குப் பிரித்துவிடுகிற இடத்தில், அந்த நாய் இருக்கும்வரை பங்களா மலையில் கூடையை எடுக்க மாட்டோம் என்று பெண்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். பழைய துரை கொழும்பில் மாடி வீட்டுக்குப் போய்விட்டதால் நாயை விட்டுவிட்டுப் போயிருந்தார். புதிய துரை வந்து மூன்று மாதம்தான். இளைஞர், வம்பு வேண்டாம் என்று நினைப்பவர். கணபதியைக் கூப்பிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "மாசக் கடைசியில மிருக டொக்டர் வந்து ஊசி போட்டு முடிச்சிடும். அந்தச் சாதி அப்பிடித்தான். ஒங்க மேல பிழையில்ல."

"சரிங்க துரை" என்றார் கணபதி. அன்று தனலெட்சுமி கொண்டுவந்த சோற்றை அப்படியே டூக்குக்குப் போட்டார்.

சாதிதான், சாதிதான் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். ரத்தத்தில் இருப்பதை யார் என்ன செய்ய முடியும்? கூடை கட்டாவிட்டாலும் அது என்றைக்காவது கடித்திருக்கும். அப்படி இருந்துவிட்டால் எத்தனை நிம்மதி! இதை நிச்சயமாகத் தெரிந்துகொள்ள ஒரே ஒரு வழி இருப்பதும் அவருக்கு நினைவு வந்தது. டூக்கோடு ஒரே ஈற்றில் பிறந்த பெட்டைக் குட்டி ஒன்றைப் பழைய துரை அப்புத்தளையில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் புவனேந்திரனுக்குக் கொடுத்திருந்தார். அதே தாய், அதே தகப்பன்.

ஞாயிற்றுக்கிழமை கலியாணச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தனலெட்சுமியின் கூடையையும் படங்கையும் எடுத்துக்கொண்டு கணபதி பஸ் ஏறினார். "அங்க ஒருத்தருக்குக் கூடை பாக்கணுமாம்" என்று வீட்டில் ஒரு பொய். பதுளை, பண்டாரவளை என்று பஸ் மாறி மாறிப் போகும்போது கூடையை மடியில் வைத்துக்கொண்டு அவர் வேண்டிக்கொண்டது இதுதான்: அந்தப் பெட்டை நாய் தன் மேல் பாய வேண்டும், முடிந்தால் கடிக்கவும் வேண்டும்.

அப்புத்தளையில் பனி ஸ்டேஷன் வரைக்கும் இறங்கியிருந்தது. புவனேந்திரனின் கடை வாசலை அடைத்துக்கொண்டு டூக்கின் தங்கை படுத்திருந்தது. அதே பொட்டு, அதே தாடை. ஆட்கள் அதைத் தாண்டித் தாண்டி உள்ளே போனார்கள். ஒருவர் வாலை மிதித்துவிட்டு "சொறிம்மா" என்றுகூடச் சொன்னார். கணபதி எதிர்ப்பக்கம் நின்று படங்கைக் கட்டி, கூடையைத் தலையில் மாட்டினார். கல்லாவில் இருந்த புவனேந்திரன் எட்டிப் பார்த்தார்.

"என்னண்ணே, ஏதும் வேண்டுதலா?"

கணபதி நேராக நாயின் முன்னால் போய் நின்றார். அது எழுந்தது. படங்கை மோந்தது. அவர் காலைத் தரையில் அடித்தார். அது காதை மட்டும் தூக்கியது. மேலும் கீழும் நடந்து காட்டினார். கூடையை அதன் மூக்கருகே ஆட்டினார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "கெட்" என்றார். ஐந்து வருடமாக வாயில் எடுக்காத சொல். நாய் வாலை ஆட்டிக்கொண்டு கூடைக்குள் தலையை விட்டுப் பார்த்தது. தின்ன ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் பெருமூச்சோடு அவர் பாதத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டது.

கணபதி கடை வாங்குப் பலகையில் உட்கார்ந்து, துவாயை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். வடை தின்றுகொண்டிருந்த இரண்டு பேர் எழுந்து வந்துவிட்டார்கள்.

"அண்ணே, கடிச்சிருச்சா?" என்று ஓடி வந்தார் புவனேந்திரன்.

"இல்லப்பா" என்றார் கணபதி. "கடிக்கல."

திங்கட்கிழமை பெரட்டுக்குக் கணபதி வந்தது எல்லோருக்கும் புதினம். பங்களா ஆட்கள் அங்கே வருவதில்லை. கூடைகளோடு நாற்பது பெண்கள் நின்றார்கள். சுபாஜினியும் கால் கட்டோடு வந்து ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்க்கிற இலேசான வேலை கொடுத்திருந்தார்கள். கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிடத் தொடங்கும் முன் கணபதி கையை உயர்த்தினார். ஈரல் உட்பட ஒன்றையும் விடாமல் சொன்னார். சொல்லி முடித்தபோது நெற்றி வியர்த்திருந்தது.

முதலில் வாய் திறந்தவர் இராக்கம்மா. அவர்தான் அந்தக் கூட்டத்தில் மூத்தவர். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து கணபதியின் எதிரே நின்றார். "துரை நாய ஏவுனான்னா அது வேற. எங்க கூடைய எங்க லயத்து ஆளே கட்டித் தொங்கவிட்டு ஏவுனியா, தம்பி? ஒன் பொண்டாட்டியும் கூடைதானே போடுறா?"

கணபதி தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பின்வரிசையில் நின்ற தனலெட்சுமியைப் பார்க்கும் துணிவு அவருக்கு வரவில்லை.

"எனக்கு நாய் மேல கோவம் இல்ல, மாமா" என்றார் சுபாஜினி, உட்கார்ந்த இடத்திலிருந்தே. "ஒங்க மேலதான் கோவம்."

"சரிதாம்மா."

"சும்மா சரின்னு சொல்லாதீங்க. பழக்குனது நீங்கன்னா, அத மறக்கவும் நீங்கதான் வைக்கணும். ஒரு மாசம் எடுத்துக்குங்க. அது முடிஞ்சதும் நாங்க கூடையோட அதே வழியில வருவோம். நான்தான் மொதல்ல வருவேன். அது சும்மா நின்னா இருக்கட்டும். பாஞ்சா, அன்னிக்கே டொக்டரு." இதைச் சொல்லும்போது அவர் கை கட்டுப் போட்ட காலின் மேல் இருந்தது. புதிய துரையும் பெண்கள் சரி என்றால் தனக்குச் சரி என்று சொல்லிவிட்டார்.

அன்று வீட்டில் தனலெட்சுமி அடுப்பை மூட்டிவிட்டு, "மரத்துல கட்டுனது எங் கூடைதானே?" என்று கேட்டார்.

"ஆமா."

"ஓரத்துல செவப்பு வயரு சுத்துன கூடை. தொலைஞ்சு போச்சுன்னு லயம் பூரா தேடுனேன். பக்கத்துக் காம்பராக்காரிதான் எடுத்தான்னு ஒரு வருசம் அவகிட்ட பேசல. அவ புள்ள சடங்குக்குக் கூடப் போகல. நீங்க பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

கணபதி பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அந்த வருடம் முழுவதும் இரண்டு காம்பரா வீட்டுக்கும் நடுவே, எவளோ எடுத்த கூடைக்காக இப்படியா என்று சமாதானம்கூடப் பேசினார். வெட்கம் பிடுங்கித் தின்ன, அடுப்பையே பார்த்துக்கொண்டு இருந்தார். தனலெட்சுமி எழுந்து போனார். பக்கத்துக் காம்பரா வாசலில் நின்று ஏதோ பேசிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். சுவரில் மாட்டியிருந்த தன் கூடையைக் கழற்றிப் புருஷனின் முன்னால் வைத்தார். "கொண்டு போங்க. இந்தத் தடவ திருப்பிக் கொண்டாங்க" என்றார். அந்த மாதம் முழுவதும் கங்காணியின் ஏச்சை வாங்கிக்கொண்டு அவர் உரச் சாக்கில் கொழுந்து பறித்தார்.

பழக்குவது மூன்று மாதம் என்றால் மறக்கடிப்பது எத்தனை மாதம் என்று கணபதிக்குச் சொல்ல ஆள் இல்லை. முதல் வாரம் கூடையைத் தூரத்தில் தரையில் வைத்தார். டூக்கு உறுமாமல் இருக்கிற தூரம் எது என்று பார்த்தபோது அது நாற்பது அடியாக இருந்தது. ஒவ்வொரு நாளும் ஐந்தாறு அடி கிட்டே. கிட்டே வந்தபோது ஈரலைக் கூடைக்குள்ளேயே போட்டார். நாய் கூடையைப் பார்த்தது, ஈரலைப் பார்த்தது, கணபதியைப் பார்த்தது. கிழித்தால்தானே தருவாய் என்று அது கேட்பதுபோல் அவருக்குப் பட்டது. ஒருநாள் முழுக்க எச்சில் வடிய நின்று, கடைசியில் கழுத்தை நீட்டி ஈரலை மட்டும் எடுத்தது.

ஆங்கிலத்தையும் விட்டுவிட்டார். அந்தப் பதினொரு சொற்களில் எதைச் சொன்னாலும் நாய் விறைத்துக்கொண்டு அடுத்த உத்தரவுக்குக் காத்தது. "வாடா சாமி, ஒண்ணுமில்லடா, நம்ம ஆளுதான், நம்ம லெட்சுமி கூடைதான்" என்று லயத்துத் தமிழில் ஓயாமல் பேசினார். கூடையைத் தலையில் மாட்டிய முதல் நாள், யார் என்று பார்க்காமலே டூக்கு பாய்ந்தது. சங்கிலி தடுத்ததால் உடம்பு தப்பியது, கூடை ஓரம் பிய்ந்தது. கணபதி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். குரலைக் கேட்டுவிட்டு நாய் வயிற்றால் ஊர்ந்து வந்து அவர் காலை நக்கியது. பிய்ந்த ஓரத்தில் அவரே வயர் சுற்றினார். பச்சை வயர்தான் கிடைத்தது.

அந்த வாரம் கோழிக் கடையில் ஸாஹிர் சிரித்தார். "சும்மா பாடுபடுற கணபதி. ரத்தம் மாறுமா?"

இந்த முறை கணபதி அவசரமாகத் தலையாட்டவில்லை. "ரத்தத்துல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது நானா. நான் போட்டது எவ்வளவுன்னு மட்டும் தெரியும். அத வெளிய எடுத்துப் பாத்துர்றேன். அப்பறமும் மிச்சம் இருந்தா அது சாதி." ஸாஹிர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, ஈரலில் இன்னொரு கை அள்ளிப் போட்டுக் கட்டினார்.

அப்படித்தான் இருபது அடி மேலே, இருபது அடி கீழே நடை தொடங்கியது. சிரித்த பெண்கள் பத்து நாளில் சிரிப்பதை விட்டுவிட்டு, கயிறு எப்படிப் போட வேண்டும் என்று மேலே நின்று சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்கள். கடைசி வாரத்தில் டூக்கு அவரைக் கண்டு எழுந்து நிற்பதோடு சரி. ஆனால் கூடை போட்டிருப்பது கணபதி என்று அதற்குத் தெரியும். வேறு ஒருத்தி வந்தால் என்ன செய்யும் என்பது கணபதிக்கும் தெரியாது, டூக்குக்கும் தெரியாது. அந்த நினைப்பில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. வேட்டி இடுப்பில் நிற்காமல் போனதைத் தனலெட்சுமி கவனித்துக்கொண்டிருந்தார்.

கடைசி நாள் வெள்ளிக்கிழமை. காலை நிறுவைக்குப் போகும் நேரத்தில், சொன்னபடி சுபாஜினி முன்னால் நிற்க, பதினொரு பெண்கள் நிறைந்த கூடைகளோடு வளைவில் வந்து நின்றார்கள். சமையல்கட்டு வாசலில் துரை நின்றார். டொக்டருக்குச் சொல்லிவைத்திருந்தார். கணபதி கொய்யா மரத்தடியில் டூக்கின் பக்கத்தில் முழங்காலிட்டிருந்தார். சங்கிலிக்குப் புதுக் கொக்கி போட்டிருந்தது. ஆனாலும் பாதையின் பாதி அகலம்வரை அது எட்டும்.

பெண்கள் நடக்கத் தொடங்கியதும் டூக்கின் முதுகு மயிர் எழுந்தது. மேல் உதடு சுருண்டு பல் தெரிந்தது. அடிவயிற்றிலிருந்து உறுமல் புறப்பட்டது. எல்லோரும் நின்றுவிட்டார்கள். சுபாஜினியின் முகம் வெளுத்தது. இடது காலை அறியாமல் பின்னால் இழுத்துக்கொண்டார். துரை ஒரு படி இறங்கினார்.

கணபதி அதட்டவில்லை, சங்கிலியையும் இழுக்கவில்லை. சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, திறந்திருந்த வாய்க்குள், மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே, தன் இடது மணிக்கட்டைக் குறுக்கே வைத்தார்.

"வாம்மா சுபா" என்றார். "மொதல்ல என்னையத்தான் கடிக்கணும் அது. வா."

சுபாஜினி வந்தார். ஒரு அடி, இன்னொரு அடி. டூக்கின் கண்கள் அவர் கூடையை விட்டு அகலவில்லை. பற்கள் கணபதியின் தோலில் பதிந்து நின்றன. உறுமல் எலும்பு வழியாக அவர் முழங்கைவரை ஏறியது. "நம்ம புள்ளடா, நம்ம சுபாடா" என்று அதன் காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தார். சுபாஜினி தாண்டினார். அடுத்தவர் தாண்டினார். தனலெட்சுமி உரச் சாக்கோடு தாண்டும்போது புருஷனின் கையைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். நாலாவது ஆளுக்கோ ஐந்தாவது ஆளுக்கோ உறுமல் நின்றுபோயிருந்தது. எப்போது நின்றது என்று கணபதி கவனிக்கவில்லை. எச்சில் மட்டும் முழங்கைவரை வடிந்து சொட்டியது. இராக்கம்மா கடைசியாக, வயதுக்குரிய நிதானத்தோடு, நாயின் மூக்குக்கு ஒரு முழ தூரத்தில் கூடையை ஆட்டிக்கொண்டு போனார்.

டொக்டர் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுத் துரை உள்ளே போய்விட்டார். வளைவுக்கு அப்பால் போன சுபாஜினி கூடையை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"போதும் மாமா, எல்லாரும் போயிட்டோம். கைய எடுங்க."

கணபதிக்குக் கேட்டது. வலது கையால் டூக்கின் காதை மடித்து மடித்துத் தடவிக்கொண்டிருந்தார். இடது கையை அதன் வாயிலேயே விட்டிருந்தார்.